வழக்குரையும் ரஷோமோனும்

இம்மலரின் குழுவினர் யப்பானியத் திரைப்படங்களைப் பற்றி எழுதுமாறு பணித்தனர். மட்டக்களப்பின் செட்டிபாளையத்தில் கண்ணகை அம்மனின் வைகாசிச் சடங்கைக் கண்டும், கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்ட கதையைச் சொல்லும் வழக்குரைப் பாடலைக் கேட்டும் வளர்ந்தோருக்கு, அகிரா குரசோவாவின் ‘ரஷோமோன்’ (1950) அந்நியமான படமன்று.

எழுத்தாளர் அகுதாகவாவின் இரு சிறுகதைகளைத் தழுவிய இப்படம் 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. காட்டில் ஒரு சாமுராய் இறந்துகிடக்கிறான், விசாரணை நடக்கிறது. நீதிபதி திரையில் தோன்றுவதேயில்லை. சாட்சிகள் நம்மை நோக்கியே பேசுகிறார்கள். இறந்தவனும், உருவேறிய ஒருத்தியின் வாயால் சாட்சி சொல்கிறான். தெய்வமாடுவோர் வாக்குச் சொல்லக் கைகூப்பி நின்ற நமக்கு அக்காட்சியில் மெய்சிலிர்ப்பது இயல்பே.

கொன்றது தானே என்கிறான் கொள்ளையன். தன் கைக் குத்துவாளே கணவனைக் கொன்றிருக்கும் என்பது மனைவியின் கூற்று. தன்னைத் தானே மாய்த்துக்கொண்டதாக ஆவி சொல்கிறது. மூவரும் பழியை ஏற்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் காப்பது தம் பெருமையை. கோவலனைத் தவறாகக் கொல்வித்த பாண்டியனும் பழியை ஏற்றான். அவன் காத்தது அறத்தை. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் நிறுத்திய அந்த மன்னனின் உயரத்தை, குரசோவாவைப் பார்த்தபின் நான் இன்னும் தெளிவாக உணர்ந்தேன்.

மதுரையில் சிலம்பு உடைந்தது. முத்தா, மாணிக்கமா என்ற ஐயம் அக்கணமே தீர்ந்தது. ரஷோமோனிலோ சான்றாக நிற்க வேண்டிய விலையுயர்ந்த குத்துவாளே காணாமற் போகிறது. எடுத்தவன், சாட்சி சொன்ன விறகுவெட்டிதான் என்பதைப் படம் நமக்கு உணர்த்துகிறது. பொருட்சான்று மறைந்த இடத்தில் சொல் பெருகும். யார் சொன்னாலும் உண்மையைத் தேர்ந்தறி என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தியது இதனாற்றான். ஆயினும் அவ்விறகுவெட்டியே கைவிடப்பட்ட குழந்தையொன்றை ஏந்திச் செல்கிறான். அறம் முற்றாக அழிவதில்லை என்பது குரசோவாவின் தீர்ப்பு.

யப்பானிய உயிரூட்டப் படங்களைப் பற்றியும் சிறிது சொல்வேன். யப்பானியரான யூகோ சாகோவும் நம் அயலவரான இந்தியாவின் ராம் மோகனும் இணைந்து இராமகாதையை 1990களின் தொடக்கத்தில் பக்தியோடு திரைக்குக் கொண்டுவந்தனர். 2025இல் அது தமிழ்க்குரலோடு இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இசாவோ தகாஹதாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ (1988), போர்க்கால கோபேயில் தாயை இழந்து பசியால் மடியும் அண்ணன் தங்கையின் கதை. அதற்கு நம் மண்ணில் விளக்கவுரை வேண்டியதில்லை.

இளையோரே, சடங்குக் காலத்தில் வழக்குரையை முழுமையாக இருந்து கேளுங்கள். பிறகு ரஷோமோனைப் பாருங்கள். நம் பாடசாலை மன்றங்களும் நூலகங்களும் இவ்விரண்டையும் சேர்த்து உரையாட ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.