பத்து மாத அட்வான்ஸ்

சென்னையில் வீடு தேடியிருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். வாடகை 15,000 என்றால் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், முதல் மாத வாடகை 15,000, புரோக்கருக்கு இன்னொரு 15,000. சாவி கைக்கு வருவதற்குள் 1,80,000 ரூபாய் போயிருக்கும். பேசிப் பேசி எட்டு மாதம், ஆறு மாதம் என்று இறக்குகிறவர் சாமர்த்தியசாலி. ஆனால் பத்து என்கிற எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் இந்த ஊரில் ஏறக்குறைய 58 வருஷம் அமலில் இருந்த சட்டம் சொன்ன எண் வேறு. அது ஒன்று. ஒரே ஒரு மாத வாடகை.

அந்தச் சட்டத்தின் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் மதராஸ் பாதி காலியானது. பீதி அடங்கியதும் போனவர்கள் திரும்பினார்கள், புதியவர்களும் வந்தார்கள். சிமென்ட், இரும்பு எல்லாம் போருக்குப் போய்விட்டதால் வீடு கட்டுவது கிட்டத்தட்ட நின்றிருந்தது. 1941 கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சமாக இருந்த மாநகர மக்கள்தொகை 1951இல் 14 லட்சத்தைத் தாண்டியது. இடையில் நகர எல்லை விரிந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஸ்டோர் வீடுகளில் ஒரு முற்றத்தைச் சுற்றி எத்தனை குடும்பங்கள் நெருக்கியடித்தன என்பதற்கு ‘ஒண்டுக்குடித்தனம்’ என்ற சொல்லே சாட்சி. குடித்தனம்கூட ஒண்டிக்கொண்டுதான் நடந்தது.

போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வந்த வாடகைக் கட்டுப்பாடு, 1946இல் சட்டமானது. பிறகு 1949இல் ஒன்று, 1960இல் ஒன்று. தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு அப்படியே தங்கிவிட்டது.

1960ஆம் வருஷச் சட்டத்தை இன்று படித்தால் கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்கும். வீடு காலியானால் உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் அரசு அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அரசு தன் ஊழியருக்கென்று அதை எடுத்துக்கொள்ளலாம். வாடகை அதிகம் என்று குடியிருப்பவரோ, குறைவு என்று உரிமையாளரோ ‘நியாய வாடகை’ கேட்டு மனு போடலாம். சொந்த உபயோகம், வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல் என்று சட்டம் சொன்ன காரணங்கள் இருந்தால்தான் காலி செய்யச் சொல்ல முடியும். முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

பம்பாய் வேறு வழியில் போனது. அங்கே 1947 சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் உறைய வைத்தது. வாடகையாக வாங்க முடியாததை உரிமையாளர்கள் ‘பகடி’ என்ற பெயரில் மொத்தத் தொகையாக வாங்கினார்கள். நம் ஊரில் வாடகை அப்படி உறையவில்லை. 1973 திருத்தத்துக்குப் பிறகு நிலத்தின் சந்தை மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பு என்றால் அதில் வருஷத்துக்கு 9 சதவீதம் நியாய வாடகை. நில மதிப்பு ஏற ஏற, அதே சூத்திரம் உரிமையாளருக்குச் சாதகமாகத் திரும்பியது. குடியிருப்பவரைக் காக்க வந்த ஏற்பாட்டை வைத்து, பழைய குடித்தனக்காரரின் வாடகையை ஏற்ற உரிமையாளர்களே மனு போட்டார்கள்.

அப்படியென்றால் அட்வான்ஸ் ஏன் வளர்ந்தது? வாடகையைவிட, காலி செய்யவைப்பதில்தான் உரிமையாளருக்குப் பயம் அதிகம். வாடகையை நம்பி ஓய்வுக்காலத்தை ஓட்டுகிறவர், பாக்கி வைத்தவரை வெளியேற்ற வருஷக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டும். பத்து மாதப் பணம் கையில் இருந்தால் அந்த வருஷங்களுக்கு ஒரு காப்பு. சட்டம் ஒரு கதவை மூடினால் வழக்கம் பக்கத்துச் சுவரில் ஒரு கதவைத் திறக்கும். மென்பொருளில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். எந்த விதி பயன்படுத்துகிறவரின் பயத்தைத் தீர்க்கவில்லையோ, அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி முளைத்துவிடும். பதினொரு மாத ஒப்பந்தமும் அந்த வகைதான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது பதிவுச் சட்டம். அதனால் நம் ஒப்பந்தங்கள் ஒரு மாதம் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன.

நீதிமன்றங்கள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றிருந்த விதியை 1986இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1996இல் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில், ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிய அட்வான்ஸ் உரிமையாளரிடம் இருக்கும்போது, அதிலிருந்து கழித்துக்கொள்ளக்கூடிய பாக்கிக்காக ஒருவரை வேண்டுமென்றே பாக்கி வைத்தவர் என்று சொல்ல முடியாது என்றது. பெரிய தீர்ப்புதான். ஆனால் அது வழக்கு வரைக்கும் போனவருக்கு. திங்கட்கிழமை வேலையில் சேர, சனிக்கிழமை வேளச்சேரியில் வீடு பார்க்கிறவர், ஹவுஸ் ஓனரிடம் சட்டப்பிரிவு பேசினால் என்ன ஆகும்? வீடு அடுத்து வருகிறவருக்குப் போகும்.

2017இல் புதுச் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. 1960 சட்டம் ரத்தானது. நியாய வாடகை என்ற கருத்தே போயிற்று. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். முன்பணத்துக்குப் பொது விதி மூன்று மாதம். ஒன்று மூன்றானது. தரகர்களின் வாயில் பத்து இன்னும் பத்தாகத்தான் இருக்கிறது.

ஒன்றரை லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 10,500, மாதத்துக்கு 875 ரூபாய். அதாவது 15,000 ரூபாய் வீட்டின் வாடகை உண்மையில் 15,875. சமாளித்துவிடலாம் என்று தோன்றும். சம்பளம் நிறைய வாங்குகிறவர்களுக்குச் சரி. ஆனால் மாதம் 15,000 கட்ட முடிகிற எல்லாரிடமும் ஒரே நாளில் 1,80,000 இருக்காது. அந்த இடத்தில்தான் ஊர் இரண்டாகப் பிரிகிறது. முதல் வேலைக்கு வந்த பெண், கணவனை விட்டுக் குழந்தையோடு வெளியேறியவர், சேமிப்பே இல்லாமல் வந்த செவிலியர் எல்லாம் மாத வாடகையைத் தவறாமல் கட்டக்கூடியவர்கள். அவர்களைத் தடுப்பது முன்பணம். ஹாஸ்டல், திருவல்லிக்கேணி மேன்ஷன், நகைக்கடன் என்று போகிறார்கள். அட்வான்ஸுக்காக அடகு வைத்த நகைக்குக் கட்டும் வட்டி எந்த ஒப்பந்தத்திலும் வாடகை என்று எழுதப்படுவதில்லை.

நம்முடைய வாடகை வரலாறு பெரும்பாலும் மாதத் தொகையைப் பற்றிய சண்டையாகவே எழுதப்பட்டிருக்கிறது. வாசலில் வைக்கிற தொகையைப் பற்றிச் சட்டம் இரண்டு முறை பேசியது, ஊர் இரண்டு முறையும் கேட்கவில்லை. உரிமையாளரின் பயத்துக்கு, சில மாதங்களில் முடிகிற வழக்கு என்ற பதில் கிடைக்கும்வரை அவர் பத்தைத்தான் கேட்பார். அதுவரை அந்தப் பயத்துக்கான பிரீமியத்தைக் கட்டுகிறவர், வழக்கும் தெரியாத, பாக்கியும் வைக்காத, இன்னும் வீட்டுக்குள் காலே வைக்காத ஒருவர்.