பதவியைத் துறந்த பாதிரியார்

சிரம்பான், போர்ட்டிக்சன், கோலப்பிலா, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலரையும் அறிந்தவர்கள். கிராணியார், கங்காணி, பூசாரி, பாதிரியார் என்று ஒருவருக்குப் பதவி இருந்தால், அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அப்படிப்பட்ட பதவி ஒன்றைத் தாமாகவே விட்டு விலகி, கூலிகளின் லயத்தைத் தேடிப் போன ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம். அவர் பெயர் சி. எப். ஆண்ட்ரூஸ்.

இங்கிலாந்தில் 1871-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஆங்கிலத் திருச்சபையின் குருவாகி, 1904-இல் இந்தியா வந்தார். டில்லி புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார். நல்ல மதிப்பு, நிலையான வாழ்வு, ஆளும் இனத்தவர் என்ற பெருமை எல்லாம் அவருக்கு இருந்தன.

1913-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போரில் தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். கோகலே கேட்டுக்கொண்டபடி ஆண்ட்ரூஸ் அங்கே புறப்பட்டார். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும், குனிந்து காந்தியடிகளின் பாதத்தைத் தொட்டு வணங்கினார். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இப்படிச் செய்யலாமா என்று அவ்வூர் வெள்ளையர்கள் கொதித்தார்கள். அங்கே இருக்கும்போதே, இங்கிலாந்தில் தம் தாய் இறந்துபோன செய்தியும் அவருக்குக் கிடைத்தது.

அவர் மனத்தில் நெடுநாளாக ஒரு போராட்டம் இருந்தது. திருச்சபை ஓதச் சொன்ன சில கோட்பாடுகளை அவரால் மனமார ஓத முடியவில்லை. உதடு ஒன்று சொல்ல, உள்ளம் வேறொன்று சொல்லலாமா? அதே 1914-இல் குருவின் பொறுப்பையும் கல்லூரி வேலையையும் விட்டார். தாகூரின் சாந்திநிகேதனில் எளிய வாழ்வை ஏற்றார். நண்பர்கள் பலர் வருந்தினார்கள். ஆனால் அவர் விட்டது பதவியை மட்டுமே, இயேசுவை விடவில்லை. ஏழையின் முகத்தில் ஆண்டவரைக் காணலாம் என்ற நம்பிக்கை அவருள் வலுத்தது.

அந்த நம்பிக்கை அவரை எங்கே கொண்டுபோயிற்று? 1915-இல், நண்பர் பியர்சனோடு பிஜித் தீவுக்குப் போனார். அங்கே கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம்மவர்கள் உழைத்தார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கு. அதனால் குடும்பங்கள் சிதைந்தன, தற்கொலைகள் பெருகின. தோட்டத்துரையின் விருந்தாளியாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஆண்ட்ரூஸ் லயம் லயமாகப் போய் மக்களிடமே கேட்டு, கண்டதை 1916-இல் அறிக்கையாக எழுதினார்.

இவர் ஒருவரால் மட்டும் எல்லாம் நடந்துவிடவில்லை. கோகலே முன்பே குரல் எழுப்பியிருந்தார், மாளவியா 1916-இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், பெண்களும் கிளர்ந்தெழுந்தார்கள். 1917-இல் ஆள் பிடிப்பது நின்றது. 1920 ஜனவரி முதல் நாள், பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. அந்த மக்கள் அவரைத் ‘தீனபந்து’, அதாவது ஏழைகளின் உறவினர், என்று அழைத்தார்கள்.

மலாயாவில் இந்தியரை ஒப்பந்தத்தில் கொண்டுவருவது 1910-இலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அதுவும் ஓய்ந்தது. ஆகவே பிஜியின் கதை நமக்கு அயலார் கதை அல்ல. நம் பாட்டன் பாட்டிமாரின் கதைக்கு உடன்பிறந்தது.

நேயர்களே, பதவியில் இருந்துகொண்டே ஏழைகளுக்கு உழைத்த குருமார்களும் உண்டு. ஆண்ட்ரூஸ்கூட பின்னாளில் குருப்பணிக்குத் திரும்பினார். ஆகவே பதவியை விடுவதே பக்தி என்று நாம் சொல்லவில்லை. பதவி நம் மனச்சாட்சிக்கும் பிறர் துன்பத்துக்கும் குறுக்கே நின்றால், எதை விடுவது என்பதுதான் கேள்வி. 1940 ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் கண் மூடிய அந்த மனிதர், அதற்குத் தம் வாழ்வாலேயே விடை சொன்னார்.