பழைய காரும் துண்டுக்குள் விரலும்

எங்கள் தாத்தா கால் கிலோ கத்தரிக்காய்க்கே கால் மணி நேரம் பேரம் பேசுவார். திருச்சி காந்தி மார்க்கெட்டில் அவர் வருவதைப் பார்த்தாலே சில கடைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள் என்று அப்பா சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் 1981ல் ஒரு பழைய ஃபியட் கார் வாங்கப் போனபோது, தரகர் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. பாட்டி இதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். காரணம், அந்த விலையில் பாட்டியின் இரட்டை வடச் சங்கிலியும் அடக்கம்!

தாத்தா ஏன் தோற்றார்? பேசத் தெரியாமல் இல்லை. பழைய கார் பேரத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது: பேரத்தில் ஜெயிப்பது வாய் அல்ல. யாருக்கு அதிகம் தெரியும், யாரால் எழுந்து போக முடியும் என்ற இரண்டும்தான்.

நம் ஊர் மாட்டுச் சந்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். மணப்பாறை, பொள்ளாச்சி சந்தைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகரும் வாங்குபவரும் கையை ஒரு துண்டால் மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். சுற்றி நிற்பவனுக்கு என்ன விலைக்குப் படிந்தது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த மாட்டுக்கு அவன் அதே விலையைச் சொல்லிவிடுவான் அல்லவா? ஆனால் ஒரு விஷயத்தை அந்தத் துண்டால் மறைக்க முடியாது. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று கணக்கு. எந்தத் தரகராலும் பல்லைத் திருப்பி வைக்க முடியாது. காரின் மீட்டரைத் திருப்பி வைக்க முடியும். பழைய கார் வியாபாரத்தின் பாதிக் கதை இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

மீதிப் பாதி தட்டுப்பாடு. சுதந்திரத்துக்குப் பிறகு, உள்நாட்டில் உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்று அரசு 1953ல் முடிவெடுத்தது. பம்பாயில் 1928 முதல் கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது. ஃபோர்டும் போனது. மிஞ்சியவை மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் கம்பெனியின் ஃபியட் (பிறகு பத்மினி), நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் லைசென்ஸ். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதன் விளைவு இன்றைய தலைமுறைக்கு (நான் உட்பட) தலைகீழாகத் தோன்றும். ஷோரூமிலிருந்து வெளியே வந்த கார், வாங்கிய விலையை விட அதிகத்துக்குப் போனது! காத்திருக்க முடியாதவர்கள் "பிரீமியம்" கொடுத்து வாங்கினார்கள். இதைத் தடுக்க 1959ல் மத்திய அரசு கார் விநியோகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. 1969ல் விலைக்கும் கட்டுப்பாடு வந்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1971ல் தீர்ப்பு வந்தது. ஆனால் கார் குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருக்கும்போது உத்தரவு என்ன செய்யும்? கட்டுப்படுத்தப்பட்ட விலை காகிதத்தில் இருந்தது. நிஜ விலை தரகரின் துண்டுக்குள் இருந்தது.

தாத்தா உட்கார்ந்திருந்தது இப்படிப்பட்ட சந்தையில். "ஐயா, நீங்க யோசிச்சுட்டு வாங்க. சாயங்காலம் வண்டி நின்னா பாத்துக்கலாம்" என்று தரகர் சொன்னாராம். அவ்வளவுதான். கத்தரிக்காய்க்கு அடுத்த கடை இருந்தது, எழுந்து போகலாம். ஃபியட்டுக்கு அடுத்த கடை இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கார் கொட்டிக் கிடந்தது. பிரச்சினை விலை தெரியாததுதான். லாஸ் ஏஞ்சலஸில் லெஸ் கெல்லி என்ற பழைய கார் வியாபாரி, எந்த மாடலை என்ன விலைக்கு வாங்கத் தயார் என்று ஒரு பட்டியல் அடித்து மற்ற வியாபாரிகளுக்கும் வங்கிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். 1926ல் அது 'ப்ளூ புக்' என்ற புத்தகமாக வந்தது. துண்டை எடுத்து விரலைக் காட்டியது போல. ஆனால் யாருக்குக் காட்டினார் என்று பாருங்கள். வியாபாரிகளுக்கும் வங்கிக்கும்தான். பொதுமக்களுக்கான பதிப்பு வந்தது 1993ல்! அறுபத்தேழு வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில் மட்டும் விலைப் புத்தகம் இருந்திருக்கிறது.

விலை தெரிந்தாலும் வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதே. இங்கேதான் ஜார்ஜ் அகெர்லாஃப் வருகிறார். 1970ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'எலுமிச்சைகளின் சந்தை'. (அமெரிக்கப் பேச்சு வழக்கில் குறையுள்ள காருக்கு எலுமிச்சை என்று பெயர். நாம் புதுக் காருக்கு டயரின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அங்கே காரே எலுமிச்சம்பழம் :-)) அவர் சொன்னதை நம் கணக்கில் சொல்கிறேன். நல்ல வண்டி 2 லட்சம் பெறும், ஓட்டை வண்டி 1 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு எது எது என்று தெரியாது. அதனால் நடுவில் ஒன்றரை லட்சம்தான் தருவார். நல்ல வண்டிக்காரர் "இந்த விலைக்கா?" என்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஓட்டை வண்டிக்காரர் சந்தோஷமாக நிற்பார். சந்தையில் ஓட்டைகள் பெருக, விலை இன்னும் இறங்கும். கடைசியில் நேர்மையான ஆளுக்கு அங்கே வேலையே இல்லை.

மூன்று பத்திரிகைகள் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. நான்காவது வெளியிட்டது. 2001ல் அவருக்கு நோபல் பரிசு. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 1967-68ல் அவர் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்தார். அந்தக் கட்டுரையில் நம் கிராமத்து வட்டிக்காரர் வருகிறார். கடைக்காரர் வேண்டுமென்றே கலந்த, அரிசி நிறத்திலேயே இருக்கும் கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பப் பெண்ணும் வருகிறார். முறமும் கையுமாக உட்கார்ந்த நம் பாட்டிகள் பொருளாதாரத்தில் இடம் பிடித்தது இப்படித்தான்.

சட்டம் என்ன செய்தது? மீட்டரைத் திருப்புவதை அமெரிக்கா 1972ல் நாடு முழுவதும் குற்றமாக்கியது. பிறகு அவர்களின் மத்திய வர்த்தக ஆணையம், வியாபாரி தனக்குத் தெரிந்த பெரிய குறைகளை எழுதிக் காரிலேயே ஒட்ட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தது. நியாயமான கோரிக்கைதானே? 1982ல் நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் அதை ரத்து செய்தன. அப்படி ரத்து செய்யும் முறையே செல்லாது என்று 1983ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, விதி பிழைத்தது என்று நினைப்போம். 1984ல் ஆணையமே அந்தப் பகுதியை விட்டுவிட்டு விதியைத் திருத்தி வெளியிட்டது! வாரண்டி உண்டா, அல்லது "உள்ளது உள்ளபடியா" என்று மட்டும் ஜன்னலில் ஒட்டினால் போதும். தெரிந்த குறையைச் சொல்லு என்று கேட்பதற்கு எவ்வளவு எதிர்ப்பு பாருங்கள்.

இந்தியாவில் பூட்டு திறந்தது வேறு வழியில். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முதலில் அதற்கும் காத்திருப்பு, அதற்கும் பிரீமியம். 1993ல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சாண்ட்ரோ, அதே வருடம் டாடாவின் இண்டிகா. புதுக் கார் பணம் கொடுத்ததும் கிடைத்தால் பழைய காருக்கு யார் பிரீமியம் கொடுப்பார்கள்? வாங்குபவர் முதல்முறையாக எழுந்து போகும் வலிமை பெற்றார். 2001ல் மாருதியே ட்ரூ வேல்யூ என்று பழைய கார்க் கடை திறந்து, சோதித்து, வாரண்டி கொடுத்து விற்றது. அகெர்லாஃப் சொன்ன நோய்க்கு அவரே சொன்ன மருந்து அது.

எலுமிச்சை மட்டும் ஒழியவில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விட்டன. பல வண்டிகள் கழுவித் துடைத்து வேறு ஊர்ச் சந்தைக்கு வந்தன. அப்போது விவரமானவர்கள் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார்கள். சேறு படிந்த கோடு அங்கே இருக்கும். பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான், வேறென்ன.

போன மாதம் நாங்களும் ஒரு பழைய வேகன் ஆர் வாங்கினோம். நான் தயாராகவே போனேன். வண்டி எண்ணைப் போனில் போட்டுப் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று. அதே வருட மாடல் நான்கைந்து இடத்தில் என்ன விலை என்றும் பார்த்தாயிற்று. பெல்ட்டை இழுத்தேன், டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கினேன். வண்டி சுத்தம். விற்றவர் வயதான அம்மா ஒருவர். கணவர் ஓட்டிய வண்டி, அவர் போன பிறகு நின்றிருக்கிறது. "ஒன்று நாற்பது சொல்றாங்கப்பா, சரியான்னு தெரியலை" என்றார். என் போனில் அதே வண்டி ஒன்று எண்பது.

அப்பா பழக்க தோஷத்தில் "ஒன்று முப்பதுக்குக் குடுங்களேன்மா" என்றார். அந்த அம்மா உடனே தலையாட்டிவிட்டார். நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. 1981ல் தரகர் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது நாங்கள் இருக்கிறோம் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அப்பாவிடம் விலையைச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆம் படிவங்களில் அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்க இரண்டு நாள் கழித்துப் போனோம். பெயர் மாறாவிட்டால் நாளை விபத்து என்றாலும் பழைய உரிமையாளர்தான் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அப்பா அவருக்குப் பொறுமையாக விளக்கினார். ஆர்.டி.ஓ. முத்திரை வந்ததும் நகல் கொண்டுவந்து தருகிறோம் என்றார். பிறகு ஒரு கவரை மேஜையில் வைத்தார். "விலையைத் தப்பா கேட்டுட்டேன்மா" என்றார். உள்ளே எவ்வளவு என்று எனக்குச் சொல்லவில்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்கும், கேட்டால் சிரிக்கிறார்.