பெரட்டுக்களத்து ஆட்டம்

இலங்கையின் ஊவாவில், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆட்களை எழுப்பியது தப்புப் பறையின் சத்தம். இருட்டு விலகுமுன், ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். கிரிக்கெட் ஒழுக்கத்தைக் கற்றுத்தரும் ஆட்டம் என்று துரைமார் பேசியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் சனத்திற்கு அந்த வகை ஒழுக்கம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருந்தது. ஆட்டம் எங்களுக்குத் தந்தது வேறொன்று. தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நெடுங்காலம் ஆடவைத்தவன் என்ற உரிமையில் அதை எழுதுகிறேன்.

கொழும்பு கிரிக்கெட் கழகம் தொடங்கியது 1832இல். மலைநாட்டில் ரதல்லையில் 1856இலேயே துரைமாரின் கழகம் வந்துவிட்டது. அது கோப்பிக் காலம். 1869இல் எங்களுக்குப் பக்கத்து மடுல்சீமையில் இலைத்துரு நோய் கண்டது. அதிலிருந்து கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் துரைமாரின் ஆட்டம் மாறவில்லை. மைதானத்தில் உருளை இழுத்ததும், எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கியதும் எங்கள் ஆட்கள்தான் என்று என் தாத்தா சொல்வார். பார்த்துப் பார்த்தே ஆட்டம் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

வந்த இடம் பெரட்டுக்களம். ஒரு பக்கம் மண்வெட்டு, மறுபக்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம், கீழே தேயிலை. கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய மிலாறுக் குச்சி மூன்றை நட்டால் விக்கெட்; பலகையில் செதுக்கியது மட்டை. பந்து தேயிலைக்குள் பறந்து விழுந்தால் அடித்தவன் அவுட். அதைத் தேடி எடுக்கவும் அவனே இறங்க வேண்டும். வடிகால் கானில் விழுந்த பந்து அடுத்த நம்பர் மலைவரை உருண்டுவிடும். செடி முறிந்தால் கங்காணியிடம் ஏச்சு வேறு. அதனால் தூக்கி அடிக்கிற ஆசையை அடக்கி, தலையைப் பந்துக்கு நேரே வைத்து, மடுவத்துக்கும் மண்வெட்டுக்கும் நடுவே தரையோடு தள்ளப் பிள்ளைகள் பழகினார்கள். யாரும் அவர்களை மிரட்டிப் பழக்கவில்லை. தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட சட்டம் அது, அப்பன் வந்து கேட்டாலும் மாறாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆட்டம் இன்னும் கடினம். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றுகிற அதே வறண்ட காற்று டெனிஸ் பந்தைப் பாதிவழியில் இழுத்துக்கொண்டு போகும். வீசுபவனின் விரலைவிட்டுப் பந்து புறப்படும்போதே கண் அதைப் பிடித்திருக்க வேண்டும். பிள்ளைகளை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடச் சொல்வேன். பந்து குத்தியதும் "கிட்ட" அல்லது "தூர" என்று கத்த வேண்டும். முதல் ஆறு பந்தும் தடுப்பு மட்டும்தான், அடிக்கக்கூடாது. முதல் வாரம் எல்லாருக்கும் கோபம் வரும். பிறகு அந்தக் கத்தல் தானாக அடங்கி, கண் மட்டும் வேலை செய்யும். கவனம் உடம்பில் ஏறுவதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

இவ்வளவு பழகியும் ஏறிப்போகப் படி இல்லை. 1948இல், இந்திய வம்சாவளி என்று எங்கள் சனத்தின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. நாட்டின் ஆட்களே இல்லை என்று ஆக்கப்பட்டவர்கள் நாட்டு அணியைப் பற்றி எப்படி நினைப்பார்கள்? 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தோட்டத்து அணிகள் பாதியாயின. நேற்று நமக்காகப் பந்து வீசியவன் இன்று குடும்பத்தோடு தலைமன்னாருக்கு ரயிலேறிவிடுவான்.

ஆனாலும் நாட்டு அணிவரை ஏறிப்போன ஒருவர் உண்டு: சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன். அவருடைய தாத்தா 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் கண்டியில் வசதியான வீட்டில் வளர்ந்தவர்தான். அவரை லயத்துப் பிள்ளை என்று சொந்தம் கொண்டாட மாட்டேன். ஆனால் 1998 ஓவல் டெஸ்டில் அவர் இரண்டு இன்னிங்ஸிலுமாக வீசிய 113.5 ஓவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். அதில் 16 விக்கெட். அதற்கு முன் 1995 மெல்பர்னில், எறிகிறார் என்று நடுவர் ஒரே நாளில் ஏழு முறை நோபோல் கொடுத்தபோது, மறுமுனைக்கு மாறித் தொடர்ந்து வீசினார். அதுதான் நான் சொல்லும் ஒழுக்கம். அவமானத்தின் நடுவிலும் அடுத்த பந்தை எங்கே குத்தவைப்பது என்று யோசிக்கிற மனசு.

இப்போது எங்கள் பக்கத்தில் ஹொப்டனிலும் அடாவத்தையிலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மென்பந்துப் போட்டி வைக்கிறார்கள். சத்தமும் சிக்ஸரும் நிறைய. அதில் கைதேர்ந்த பையன் கடினபந்து ஆட வேண்டுமென்றால் பதுளைக்கு பஸ் ஏற வேண்டும். பஸ் காசுக்கு வழியில்லாதவன் பள்ளிக்கூடம் முடித்ததும் கொழும்புக் கடையொன்றில் நிற்கிறான். லுணுகலைக்கு ஒரு மேட்டிங் விக்கெட், ஒரு வலை, சனிக்கிழமைகளில் வந்துபோக ஒரு பயிற்றுநர் வேண்டும். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.