குமுட்டியும் கரி உருண்டையும்

நெய்வேலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததையும், 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதையும் தவறாமல் குறிக்கிறார்கள். அதைக் கட்டிகளாக அழுத்திச் சுட்டு, 'லெக்கோ' என்ற பெயரில் வீட்டு அடுப்புக்கு விற்றது ஒரு வரியில் முடிந்துவிடும். பற்றவைத்தது யார் என்பது அந்த வரியிலும் இல்லை.

பற்றவைப்பது லேசான வேலையில்லை. கொட்டிவாக்கத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் பழைய இரும்புக் குமுட்டி ஒன்றைத் துருவைச் சுரண்டி, புதுச் சல்லடைத் தட்டு வைத்து, உட்புறம் களிமண் பூசிக் காயவைத்தேன். லெக்கோவுக்குப் பதில் மரக்கரி. அடியில் தேங்காய் நார், அதன்மேல் பொடிக்கரி, பிறகு பெரிய துண்டுகள். சாம்பல் வாயைக் காற்றுப் பக்கம் திருப்பினேன். கடற்காற்று பாதி வேலையைச் செய்தது; மீதி, விசிறி. தணல் பிடிக்கக் கால் மணி நேரம். 'எரிபொருள் நுகர்வு' என்ற சொல்லுக்குள் இந்தக் கால் மணி அடங்குவதில்லை.

கரித்தணலில் புகை குறைவு என்று புகழ்வார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஜன்னலில்லாத சமையலறைகளில் வந்த எத்தனை தலைவலிகள் அவளுடைய சுபாவம் என்று சொல்லப்பட்டனவோ!

மீந்த கரித்தூளையும் பெண்கள் வீணாக்கவில்லை. சாணியோடு பிசைந்து, உருண்டை பிடித்து, வெயிலில் காயவைத்தார்கள். நெய்வேலியில் இயந்திரம் அழுத்தியது உற்பத்திக் கணக்கில் ஏறியது, இது ஏறவில்லை. என் மாணவிகளை அவரவர் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். முதல் கேள்வி: தூளுக்குச் சாணி எத்தனை பங்கு?