ஒளியே அளவுகோலான வரலாறு

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழர் பலர், மல்லேசுவரத்தை அடுத்துள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வாயிலை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். 1909ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகத்தில், ஒளியைப் பற்றிய ஒரே கருத்து இருவேறு காலங்களில் ஆராயப்பட்டது. முதன்முறை அது அறிவு வேட்கையாக இருந்தது. மறுமுறை அது நுட்பமான அளவுகோலாயிற்று.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், கல்கத்தாவில் உலகப் புகழ் எய்தியபின், 1933இல் இக்கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்தார். அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவிலும் பிரான்சிலும் விஞ்ஞானிகள் ஒரு புதுமையைக் கண்டிருந்தனர். செவிக்கு எட்டாத ஒலியைத் திரவத்தினுள் செலுத்தி, அதன் குறுக்கே ஒளியை விட்டால், ஒரே கற்றை பல கற்றைகளாகப் பிரிகின்றது. அவற்றுள் ஒன்று மங்க, மற்றொன்று ஒளிர்வது ஏன்? இதற்கு நிறைவான விளக்கம் தந்தவர்கள் இராமனும் அவருடைய இளந்துணைவர் நாகேந்திர நாத்தும் ஆவர். 1935, 1936ஆம் ஆண்டுகளில் இந்திய விஞ்ஞான அக்காதெமியின் ஏட்டில் அவர்கள் கட்டுரைகள் வெளிவந்தன.

ஒலியலை செல்லுங்கால் திரவம் ஓரிடத்தில் நெருங்கியும் அடுத்த இடத்தில் தளர்ந்தும் நிற்கின்றது. ஒளியைப் பிரிக்கும் இத்தகைய ஒழுங்கான வரிசையைக் கீற்றணி என்பர். ஆனால் ஒலி நின்றால் அந்தக் கீற்றணியும் மறைந்துவிடும்.

மறையாத கீற்றணி ஒன்று கனடாவில் பிறந்தது. 1978இல் ஒட்டாவா நகரில் கென்னத் ஹில் என்பாரும் அவர் தோழர்களும், மெல்லிய கண்ணாடி இழை ஒன்றினுள் லேசர் ஒளியைச் செலுத்தினர். சிறிது நேரத்தில், உட்சென்ற ஒளி மேலும் மேலும் திரும்பி வரலாயிற்று. ஒளியே கண்ணாடியினுள் நிலையான கீற்றுகளை வரைந்துவிட்டது! 1989இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், புறஊதாக் கதிரைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி, வேண்டிய இடைவெளியில் கீற்றுகள் அமைக்க வழி கண்டனர். 1912இல் இளைஞர் லாரன்ஸ் பிராக் படிகங்களுக்காகக் கண்ட விதி இங்கும் பொருந்துவதால், இதனைப் பிராக் கீற்றணி என்கின்றனர்.

அந்த இழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கேயாகும். அதனுள் பல நிறங்கள் கலந்த ஒளியைச் செலுத்தினால், கீற்றணி ஒரே ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பும். வீணைத் தந்தியை முறுக்கினால் சுரம் மாறுவது போல, இழையை இழுத்தால் கீற்றுகளின் இடைவெளி விரிந்து, திரும்பும் நிறம் மாறும். ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலும் கருவி அதனைக் காட்டிக்கொடுக்கும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு மகிழ்ச்சி. இவ்வாறு பொருளின் நீளம் மாறும் விகிதத்தைப் பௌதிக நூல்கள் ‘திரிபு’ என்கின்றன. ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாக மாறுவதை நம் இலக்கணம் குறித்ததும் இச்சொல்லால் அன்றோ!

ஆயினும் ஓர் இடர் உண்டு. வெப்பம் ஏறினாலும் நிறம் மாறும். எனவே, இழுவிசை படாத மற்றொரு கீற்றணியை அருகே வைத்து, வெப்பத்தின் பங்கைக் கழித்துவிடுவர். மின்காந்தக் குறுக்கீடு இதனைத் தீண்டாது. ஓர் இழையிலேயே பல கீற்றணிகளை அமைத்து, பாலத்தின் பல இடங்களை ஒருங்கே கண்காணிக்கலாம். விரிசல் கண்ணுக்குத் தெரியுமுன் அதன் அறிகுறியை அறிதல் எத்தனை உயிர்களைக் காக்கும்!

இந்நூற்றாண்டில் இக்கருத்து பெங்களூர்க் கழகத்திற்கே மீண்டும் வந்தது. பேராசிரியர் எஸ். அசோகனும் அவர் குழுவினரும் இவ்விழையைக் கொண்டு மணிக்கட்டின் நாடித்துடிப்பையும், நடக்கும்போது பாதத்தில் தோன்றும் திரிபையும் அளந்தனர். நம் வைத்தியர் விரல் நுனியால் உணர்ந்த துடிப்பு, ஒளியின் எழுத்தாகப் பதிவாயிற்று.

இழைக் கீற்றணியைக் கண்டவர் கனடியர். அப்பெருமையை நாம் உரிமை கொண்டாடலாகாது. ஆனால் இராமனும் நாத்தும் தந்த விளக்கம், ஒலியால் ஒளியை ஆளும் கருவிகளுக்கு இன்றும் அடிப்படையாக நிற்கின்றது. “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு அன்று அவர்களைத் தடுத்திருந்தால், இழப்பு நமதாகவே இருந்திருக்கும். அயலூரில் வளரும் நம் பிள்ளைகள் பயனறியாத கேள்வி ஒன்றைக் கேட்கும்போது, இதனை நாம் நினைவிற் கொள்வோமாக.