அரசர்கள் கால் கழுவிய வியாழன்

பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி தம் தோழரான ழுவான்வீல் பிரபுவிடம் ஒரு நாள் வில்லங்கமான கேள்வி ஒன்றைக் கேட்டார். பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைக் கழுவும் வழக்கம் உமக்கு உண்டா என்பதுதான் கேள்வி. ழுவான்வீல் முகம் சுளித்தார். அந்தக் குடியானவர்களின் கால்களை ஒருநாளும் கழுவ மாட்டேன் என்றார். கடவுளே செய்துகாட்டியதை நீர் இழிவென்று ஒதுக்கலாமா என்று மன்னர் கடிந்துகொண்டார். கடவுள்மேல் உள்ள அன்புக்காகவும், பிறகு தம்மேல் உள்ள அன்புக்காகவும் இனியாவது பழகிக்கொள்ளச் சொன்னார். லூயி 1297இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு அவருடைய வாழ்க்கையை எழுதிமுடித்த ழுவான்வீல், தமக்குப் பெருமை சேர்க்காத இந்த உரையாடலையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

ழுவான்வீல் சுளித்த முகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விருந்துக்கு வருபவரின் புழுதிக்காலைக் கழுவுவது பழைய மத்தியதரைக்கடல் நாடுகளில் அடிமையின் வேலை. பெரிய வியாழன் நினைவுகூரும் அந்த இரவில், பிடிபடுவதற்குச் சற்று முன், இயேசு மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவியதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. பேதுரு பதறிப்போய் முதலில் மறுத்தார். மறுநாள் நேர்ந்த சிலுவைச் சாவும் அடிமைகளுக்கென்று ரோமர்கள் வைத்திருந்த தண்டனைதான். ஸ்பார்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கலகத்தைக் கி.மு. 71இல் அடக்கிய பின், பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பியன் சாலையோரமாகச் சிலுவைகளில் தொங்கவிட்டார்கள். அடிமைகளல்லாத கலகக்காரர்களுக்கும் அதே கதிதான். இயேசுவின் தலைக்கு மேல் ரோம ஆளுநர் பிலாத்து மாட்டிய பலகை அவரை யூதரின் அரசன் என்று மூன்று மொழிகளில் அறிவித்தது. முள்முடியும் ஊதா அங்கியும் படைவீரர்கள் செய்த கேலி. அந்தக் கேலிப் பட்டத்தையே கிறிஸ்தவர்கள் மெய்யான அரசுரிமை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

சிக்கல் பிறகு வந்தது. மெய்யான அரசர்களே கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். பொன்முடி சூடியவர் முள்முடி சூடியவரை எப்படிப் பின்பற்றுவது? சிலுவையில் ஏறும்படி அரசரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. கால் கழுவச் சொல்லலாம்.

வழக்கம் அரண்மனையில் தொடங்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, மடாதிபதியும் துறவிகளும் விருந்தாளிகளின் கால்களைக் கழுவ வேண்டும் என்கிறது. 694இல் ஸ்பெயினின் டொலேடோவில் கூடிய ஆயர் சங்கம், பெரிய வியாழனன்று கோயில்களில் இதை நடத்தியே ஆகவேண்டும் என்று விதித்தது. அங்கிருந்து அரண்மனைக்குப் போன வழக்கம், இங்கிலாந்தின் கணக்கேடுகளில் தலைகாட்டுவது நல்ல பெயரெடுக்காத ஒரு மன்னரின் ஆட்சியில். ஜான் மன்னர் 1210இல் நெயர்ஸ்பரோ ஊர் ஏழைகளுக்கு உடையும் உணவும் கொடுத்தார். 1213இல் ரோச்செஸ்டரில் 13 ஏழைகளுக்கு ஆளுக்கு 13 வெள்ளிப் பென்னி தந்தார். 1210இல் அவர் போப்பால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். நாட்டுக் கோயில்களில் வழிபாடே தடைபட்டிருந்தது. அந்த நிலையிலும் வியாழக்கிழமைத் தர்மம் நிற்கவில்லை.

லூயியின் கதை இன்னும் சிக்கலானது. 1239இல் அவர் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் இரண்டாம் பால்ட்வினிடமிருந்து, இயேசு சூடியதாக நம்பப்பட்ட முள்முடியையே வாங்கினார். கடனில் மூழ்கியிருந்த பால்ட்வின் அதை வெனிஸ் வணிகர்களிடம் அடகு வைத்திருந்தார். மீட்டெடுக்க ஆன செலவு 1,35,000 லிவ்ர். அதை வைக்கப் பாரிஸில் கட்டிய சான் ஷப்பேல் என்ற கண்ணாடிச் சித்திரக் கோயிலுக்கே 40,000 லிவ்ர்தான் ஆனது. முடி வந்துசேர்ந்தபோது மன்னர் அரச உடையைக் களைந்துவிட்டு, வெறுங்காலோடு அதைச் சுமந்து நடந்தார். அவருடைய பக்தியைச் சந்தேகிக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் யூதர்களின் அரசன் என்ற பலகையின் கீழ் இறந்தவரின் முடியைத் தலைவணங்கி வரவேற்ற அதே லூயியின் ஆட்சியில்தான், 1242இல் பாரிஸில் யூதர்களின் தல்மூத் ஏடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்கள். புனித லூயியைப் பாடுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

இங்கிலாந்தின் முதலாம் மேரி அரசியின் சடங்குக்கு நேரில் கண்ட சாட்சி உண்டு. 1556 பெரிய வியாழனன்று கிரீனிச் அரண்மனையில் நடந்ததைக் கர்தினால் போலின் செயலாளர் மார்க்கோ அன்டோனியோ ஃபயித்தா கடிதத்தில் எழுதியிருக்கிறார். அரசிக்கு அப்போது 41ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. வயதுக்கு ஒருவர் என்ற கணக்கில் 41 ஏழைப் பெண்கள். அரசி மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழங்காலிலேயே நகர்ந்து ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைத்து முத்தமிட்டார். கடைசியில் தாம் உடுத்தியிருந்த அங்கியைக் கொடுப்பதற்காக வரிசையை இருமுறை சுற்றிப் பார்த்து, மூன்றாம் முறை வந்து, ஆக ஏழையும் முதியவருமான பெண்ணிடம் அதைத் தந்தார். ஃபயித்தா நெகிழ்ந்துபோனது எழுத்திலேயே தெரிகிறது. இதற்கு இரண்டு வாரம்கூட முந்தாத மார்ச் 21 அன்றுதான் ஆக்ஸ்ஃபோர்டில் புராட்டஸ்டன்ட் பேராயர் கிரான்மரை உயிரோடு எரித்திருந்தார்கள். மேரியின் ஆட்சியில் அப்படி எரிந்தவர்கள் ஏறக்குறைய 280 பேர். முழங்காலில் நகர்ந்ததும் மெய், தீ வைத்ததும் மெய்.

அவர் தங்கை எலிசபெத்தும் சடங்கை விடவில்லை. ஆனால் அதற்கு முன்னேற்பாடுகள் கூடின. சலவைப் பெண் முதலில் கழுவுவார்; பிறகு உதவித் தர்மாதிகாரி; பிறகு தலைமைத் தர்மாதிகாரி. நான்காவதாகத்தான் அரசி, அதுவும் வாசனை மூலிகை போட்ட நீரில். அரசியின் முறை வரும்போது கழுவுவதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்திருக்கும்?

வியன்னாவில் அது நாடகமாகவே வளர்ந்தது. பேரரசர் ஃபிரான்ஸ் யோசேஃப் ஹோஃப்பர்க் அரண்மனையில் 12 முதியவர்களை உட்காரவைத்துத் தம் கையாலேயே உணவுத் தட்டுகளை எடுத்துவைப்பார். சுற்றிலும் பார்வையாளர் மேடைகள். தட்டுகள் அகன்றதும் மண்டியிட்டுக் கால் கழுவுவார். முடிவில் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பை தொங்கும். உள்ளே முப்பது வெள்ளிக்காசு. யூதாசு இயேசுவைக் காட்டிக்கொடுக்க வாங்கிய தொகையும் முப்பது வெள்ளிக்காசுதான்.

இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸுக்குப் பின் அரசர்கள் தண்ணீரைத் தொடவில்லை. 1730களுக்குப் பிறகு தர்மாதிகாரிகளும் நிறுத்திக்கொண்டார்கள். காசு மட்டும் தொடர்ந்தது. 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து வழங்கி அரசரின் வருகையை மீட்டெடுத்தார். 2023இல் யார்க் பேராலயத்தில் மூன்றாம் சார்லஸ் தம் வயதுக்கு ஏற்ப 74 ஆண்களுக்கும் 74 பெண்களுக்கும் பணப்பை தந்தார். இப்போது அதைப் பெறுபவர்கள் ஏழைகளாக இருக்க வேண்டியதில்லை. திருச்சபைக்கும் ஊருக்கும் உழைத்தவர்கள். தர்மாதிகாரி இன்றும் இடுப்பில் வெள்ளைத் துண்டு கட்டியிருக்கிறார். அது நனைவதில்லை.

தண்ணீர் கோயில்களில் நிலைத்தது. பன்னிரண்டாம் பயஸ் 1955இல் செய்த சீர்திருத்தத்தால் கால் கழுவுதல் கத்தோலிக்கரின் வியாழன் மாலைத் திருப்பலிக்குள்ளேயே வந்தது. தமிழ்நாட்டுப் பங்குகளில் பீடத்தின் முன் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்காருவது அந்த மரபில்தான். அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்ற விதியை 2016இல் போப் பிரான்சிஸ் மாற்றினார். அதற்கும் முன்பே, பொறுப்பேற்ற சில நாட்களில், 2013 பெரிய வியாழனன்று ரோமின் காசல் டெல் மார்மோ சிறார் சிறையில் இளைஞர்களின் கால்களைக் கழுவியிருந்தார். அவர்களில் இரண்டு பெண்களும் இரண்டு முஸ்லிம்களும் இருந்தார்கள்.

பழைய அரசர்களின் சடங்கோடு ஒப்பிட 2019 ஏப்ரல் 11இல் வத்திக்கானில் நடந்ததுதான் பொருத்தமானது. தென் சூடானின் உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற சல்வா கீர், ரீக் மச்சார் இருவரும் வந்திருந்தார்கள். அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்ட 82 வயதுப் போப், கால்வலியோடு குனிந்து அவர்கள் காலணிகளை முத்தமிட்டார். அடிபணிய வேண்டியவர் யார், யாருக்கு என்ற வரிசை அங்கே தலைகீழானது: இம்முறை குனிந்தவர் சமாதானம் கேட்டு நின்றார், எதிரே இருந்தவர்கள் படை வைத்திருந்தார்கள். 2020 பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து ஐக்கிய அரசு அமைத்தார்கள். 2024 டிசம்பரில் நடக்கவேண்டிய தேர்தல் 2026க்குத் தள்ளிப்போனது. 2025 மார்ச்சில் கீரின் அரசு மச்சாரை வீட்டுக்காவலில் வைத்தது.